கவரில் அச்சான சிரிப்பு

வியாழக்கிழமை மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய கவரை அத்தை சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் மாவு சலித்தபோது அது அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

கவரில் இருந்தது அவள் முகம்தான். கொண்டை, கண்ணாடி, கன்னத்து மரு, எதையும் விடவில்லை. கீழே வளைந்த எழுத்தில் 'அத்தை கைப்பக்குவம் – மசாலா தேங்காய் ரொட்டி' என்று அச்சடித்திருந்தது.

அந்த ரொட்டியை அவள் தம்பியின் பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் செய்தவள். தம்பி மகள் சிட்டு மழலையில் கூப்பிட்ட 'அத்தை' கடைக்கு வருகிறவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்த தபால்காரர்கூட அத்தை என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் சிட்டுவைக் கட்டிய மாப்பிள்ளை கடைப் பொறுப்புக்கு வந்தான். பின்னாலேயே பிசையும் இயந்திரம் வந்தது, மூட்டை மூட்டையாகக் கலவைப் பொடி வந்தது, ஏலக்காய் எசென்ஸ் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், "நீங்க இனிமே ரெஸ்ட் எடுங்க அத்தை" என்று அவன் ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தான். தம்பி அப்போது பக்கத்தில்தான் இருந்தான், வாயே திறக்கவில்லை. அத்தை அந்த நாற்காலியில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து கடைக்குப் போகவில்லை.

இப்போது அவள் முகம் மட்டும் அங்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்னங்க, உங்க இஸ்திரிப் பெட்டி வேணும்."

முன்னறையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அவள் கணவர் தையல்காரர். வாடிக்கையாளர்களிடம் அதிகம் பேசமாட்டார், பேசாததையெல்லாம் வீட்டில் பேசித் தீர்ப்பார்.

"சூடாவா, ஆறினதாவா?"

"ஆறினது. ஓவன் கதவு நிக்கமாட்டேங்குது. முட்டுக் கொடுக்கணும்."

ஐந்து கிலோ இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஜன்னலில் இருந்த கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது உன் சிரிப்பே இல்லை. உனக்கு இடது பக்கம்தான் முதல்ல ஏறும். அப்புறம் யோசிச்சுட்டு வலது பக்கம் வரும். இது ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறியிருக்கு."

"முப்பது வருஷமா அளவெடுத்திருக்கீங்க போல."

"தொழில் அப்படி." கவரைத் திரும்ப வைத்தார். "சாயங்காலம் போகப்போறியா?"

நாலு மணிக்குக் கடையில் விழா. ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டிலிருந்து சரக்கு எடுக்கும் அதிகாரி வருகிறார். ரொட்டியை ருசி பார்த்து அவர் தலையாட்டினால் திங்கள்கிழமை முதல் அவர்களுடைய எல்லாக் கிளைகளுக்கும் கவர் போகும். அத்தை போட்டோவுக்கு நின்றால் போதும் என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தான்.

"போவேன். வெறுங்கையோட போகமாட்டேன்."

தேங்காய்ப்பாலை விரல் தாங்கும் சூட்டில் வைத்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் தூவி மூடினாள். பத்து நிமிடத்தில் அது நுரைத்துக்கொண்டு வந்தது. மாவில் குழி பறித்து ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள். இரண்டு மாதம் சும்மா இருந்த தோள்பட்டை வலித்தது. வலிக்கட்டும் என்று உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மாவைத் தள்ளித் தள்ளி மடித்தாள். பிசுபிசுத்த மாவு மெல்ல மெல்லக் கையை விட்டுப் பிரிந்து, குழந்தைக் கன்னம் மாதிரி ஆனது.

பொங்கிய மாவில் மசாலாவும் தேங்காயும் சேர்த்து, மறுபடி பொங்கவிட்டு, ஒன்பதரைக்கு இரண்டு அச்சுகளை ஓவனுக்குள் தள்ளினாள். இஸ்திரிப் பெட்டியைக் கதவில் சாய்த்தாள்.

பத்தே காலுக்கு வெளியே எடுத்து அச்சைக் கவிழ்த்தாள்.

அடி கரியாகியிருந்தது. கத்தி வைத்துப் பிளந்தால் நடுவில் களி. கடையில் இருந்தது செங்கல் அடுப்பு. நாலு பக்கமும் சமமாக அணைத்துக்கொள்ளும் சூடு அது. இந்தத் தகர ஓவனுக்கு அடியில் மட்டும்தான் சூடேற்றும் கம்பி. இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த அடுப்போடு இருந்ததா, தன் கையோடு இருந்ததா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது.

தையல்காரர் எட்டிப் பார்த்தார். கருகிய அடியை விரலால் தட்டினார்.

"செருப்புக்கு அடியில வெச்சுத் தைக்கலாம். ரெண்டு வருஷம் உழைக்கும்."

அத்தை சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கருகிய ரொட்டியை ஓரமாக நகர்த்தினார்.

"விட்டுடலாமே. போட்டோவுக்கும் போக வேண்டாம். அவங்க ரொட்டி அவங்களுக்கு. நீ செஞ்சதில்லைன்னு நமக்குத் தெரியும்ல?"

"நமக்குத் தெரிஞ்சு என்ன பண்றது?" அவள் எழுந்தாள். "நாளைக்கு யாரோ ஒரு பொண்ணு, முன்னப்பின்ன தெரியாதவ, கடைத் தட்டுலேருந்து அந்தக் கவரை எடுப்பா. வாயில வெச்சதும் ச்சீன்னு துப்புவா. கவர்ல யார் மூஞ்சி இருக்கு? மாப்பிள்ளை மூஞ்சியா?"

அவர் சல்லடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

இந்த முறை அத்தை அடித்தட்டில் வெறும் தகரத் தட்டு ஒன்றை மறைப்பாக வைத்தாள். அச்சுகளுக்கு மேல்தட்டை ஒதுக்கினாள். சூட்டையும் குறைத்துக்கொண்டாள். பத்தரைக்குப் பிசைந்த மாவு பன்னிரண்டு மணிக்குப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டது.

அந்த நேரத்தில்தான் சிட்டு வந்தாள். கடைக் கல்லாவில் உட்காருகிறவள், கடைக் களைப்போடுதான் எப்போதும் வருவாள். இன்று அவள் மேல் புத்தம் புதிய ஏப்ரன் இருந்தது. நெஞ்சில் அத்தையின் சிரித்த முகம். கையில் அதேபோல இன்னொன்று, மடித்தபடி.

"உங்களுக்கும் ஒண்ணு கொடுத்து விட்டிருக்காரு. போட்டோவுக்குப் போட்டுக்கணுமாம்."

"என் மூஞ்சி மேலயே என் மூஞ்சியை மாட்டிக்கிட்டு நிக்கணுமா?"

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அத்தை வாணலியில் தேங்காய்த் துருவலை ஈரம் வற்றும் வரை வறுத்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய், பட்டை இடித்த பொடி அதில் விழுந்ததும் வாசனை அறையை நிறைத்தது. சிட்டு கண்ணை மூடித் திறந்தாள்.

"கடையில இந்த வாசனை வந்து ரெண்டு மாசமாச்சு. அதே சாமான்தானே அத்தை போடறாங்க, ஏன் வர்றதில்லை?"

"பட்டை ஈஸ்ட்டுக்கு ஆகாது. எடுத்த எடுப்புலயே போட்டா மாவு தூங்கிடும். அது நல்லா எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மசாலாவை அதுக்குக் காட்டணும். அப்புறம் இன்னொரு தடவை எழ விடணும்."

"இதை அவர்கிட்ட சொல்லலையா?"

"எழுதியே கொடுத்தேன். ரெண்டு தடவைங்கறதுக்குக் கீழே கோடுகூட போட்டேன். மாப்பிள்ளைக்கு ஒரு தடவையே ஜாஸ்தியாத் தெரிஞ்சது. சீக்கிரம் எழ ஒரு பொடி, வாசனைக்கு ஒரு எசென்ஸ்."

சிட்டு மாவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"அத்தை, இன்னைக்கு அங்க எதுவும் கேட்டுடாதீங்களேன். அவர் மூணு மாசமா இதுக்காக அலையறாரு. அப்பாவுக்கும் முட்டி போயிடுச்சு, அடுப்புக்கிட்ட நிக்க முடியலை. இது நடக்கலைன்னா கடையே…" முடிக்காமல் நிறுத்தினாள்.

"நான் சண்டைக்கு வரலை சிட்டு."

"பின்னே?"

"என் மூஞ்சியைத் திருப்பி வாங்கிக்க வர்றேன். கேட்டு வாங்கறது சண்டைன்னா, ஆமாம், சண்டைதான். அந்த அச்சை இப்படித் தள்ளு, எண்ணெய் தடவணும்."

சிட்டு அச்சைத் தள்ளவில்லை. தானே எடுத்து, மூலை முடுக்கெல்லாம் எண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

இரண்டு மணிக்கு வந்த ரொட்டிகள் வேறு ஜாதி. தலை தேன் நிறத்தில் எழும்பியிருந்தது. தட்டினால் உள்ளே காலி டப்பா மாதிரி ஓசை. அத்தை வெள்ளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். புது ஏப்ரன் நாற்காலியின் மேலேயே கிடந்தது.

நாலு மணிக்குக் கடை வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். கண்ணாடியில் அத்தையின் முகம் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். தபால்காரர் வேலை உடுப்போடு வந்திருந்தார். அத்தையைக் கண்டதும் அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நேர்லதான் நல்லா இருக்கீங்க" என்றார்.

மாப்பிள்ளை ஓடி வந்தான். "வாங்க அத்தை. வாங்க மாமா. ஏப்ரன் எங்கே?"

"வீட்டுல."

"பரவாயில்லை, சிட்டுவோடதைப் போட்டுக்கலாம். இவங்கதான் சூப்பர் மார்க்கெட் மேடம்."

மேடத்துக்கு நாற்பது வயதிருக்கும். கையில் கோப்பு, முகத்தில் அவசரம். "கவரில் பார்த்த அதே அத்தை" என்று கை கொடுத்தார். மேசையில் இயந்திர ரொட்டி துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருந்தது. தம்பி அடுப்புப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றான். அக்காவைப் பார்த்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டு குனிந்துகொண்டான்.

அத்தை பையிலிருந்து துணியை எடுத்து மேசையில் பிரித்தாள். "தம்பி, அந்த ரொட்டிக் கத்தியை இப்படிக் கொடு."

தம்பி தயங்கினான். மாப்பிள்ளை அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். தம்பி நொண்டிக்கொண்டு வந்து கத்தியைக் கொடுத்தான்.

வெட்டியதும் வாசனை கடை முழுக்கப் பரவியது. வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மேடம் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார், மென்றார். இயந்திர ரொட்டியில் ஒரு துண்டைக் கடித்தார். மறுபடி அத்தையின் ரொட்டிக்கே திரும்பினார்.

"இது எது?"

"படத்துல இருக்கிறவ செஞ்சது இது. படத்தோட வர்றது அது."

மாப்பிள்ளை பல்லைக் கடித்தபடி சிரித்தான். "வீட்டுக்குச் செய்யறது வேற மேடம். இது பெரிய அளவுல."

"ஒரு நாளைக்கு எத்தனை செய்வீங்க?" மேடம் அத்தையைக் கேட்டார்.

"வீட்டு ஓவன், ஒத்தை ஆள் கை. எட்டு வரும்."

"எனக்கு நானூறு வேணும்." மேடம் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். "உங்களுடையது அருமையா இருக்கு, பொய் சொல்லமாட்டேன். ஆனா எட்டை வெச்சு நான் என்ன பண்றது? இவங்களோடது சுமார்தான், விலை சரியா இருக்கு. கவர் நல்லா இருக்கு. கவருக்காகவே எடுப்பாங்க."

மாப்பிள்ளையின் மூச்சு சீரானது. தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் அதில் அடிபட்டுவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. காலையிலிருந்து தோள் வலிக்கப் பிசைந்தது ஒரே வார்த்தையில் 'அருமை'யாகி ஓரமாகப் போய்விட்டது.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

"நியாயந்தான். உங்களுக்கு எது வேணுமோ அதை எடுங்க. ஆனா கவர்ல இருக்கிறது என் மூஞ்சி. அதை எடுத்துடுங்க."

"அத்தை, கவர் அச்சடிச்சு வந்தாச்சு," மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினான். "குடும்பத்துக்காகத்தானே. உங்களுக்கு அது பெருமைதானே?"

"பெருமைன்னா என்னைக் கேட்டிருக்கணும்."

மேடம் கோப்பைத் திறந்தார். "இருங்க. படத்துக்குச் சம்மதக் கடிதம் இல்லாம நாங்க எதையும் தட்டுல வைக்கமாட்டோம். இதோ, கொடுத்திருக்கீங்களே. உங்க கையெழுத்து."

அத்தை கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தாள். அவள் பெயர்தான். மொட்டையாக, குண்டு குண்டாக எழுதிய எழுத்து. கடைசி எழுத்தின் சுழியைக் கீழே இழுக்கும் அந்தப் பழக்கம் அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியவனுக்கு இரவெல்லாம் எழுதிக் காட்டியது அவள்தான்.

"இது நான் போட்டதில்லை" என்றாள். யார் போட்டது என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நான்தான் போட்டேன்." தம்பி முன்னால் வந்தான். அவன் கண்கள் அக்காவின் ரொட்டியிலேயே இருந்தன. "மாப்பிள்ளை கேட்டாரு. நீ மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயந்து நானே போட்டுட்டேன்."

"கேட்டிருந்தா போட்டிருப்பேனேடா." அத்தையின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "ரொட்டியைச் சரியாச் செய்யணும், ரெண்டு தடவை பொங்க விடணும்னு உன்கிட்ட வாக்கு வாங்கிட்டு, சிரிச்சுக்கிட்டே போட்டிருப்பேன்."

தம்பி ஒரு துண்டை எடுத்தான். வாயில் வைத்தான். மென்றபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேடம் கோப்பை மூடினார். "உங்க வீட்டு விஷயம் எனக்கு வேண்டாம். திங்கள்கிழமை சாயங்காலத்துக்குள்ள இந்த அம்மா கையால கையெழுத்து வரணும். இல்லைன்னா வேற கவர், வேற தேதி பேசிக்கலாம்." கிளம்பும்போது துணியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை பேனாவோடு வந்தான். கோபப்படவில்லை. அதுதான் அவனிடம் அத்தைக்கு எப்போதும் பிடிக்காத விஷயம்.

"அத்தை, ஒரு கையெழுத்து. சிட்டு அப்பா கையெழுத்துப் போட்டது தப்புதான். நான் மன்னிப்பு கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. கடையில உங்களுக்குன்னு ஒரு இடம் எப்பவும் இருக்கு."

"அடுப்புக்கிட்டயா, ஜன்னலுக்கிட்டயா?"

அவன் பேனாவை மட்டும் நீட்டினான்.

"அப்போ போடமாட்டேன்." பேனாவை அவன் பக்கமே தள்ளினாள். "திங்கள்கிழமை இல்லை, எந்தக் கிழமையும் போடமாட்டேன். கண்ணாடியில இருக்கிறதையும் இன்னைக்கே கிழிச்சுடுங்க. நீங்க கிழிக்கலைன்னா நாளைக்கு நானே வந்து கிழிப்பேன். என் மூஞ்சி, எனக்கு வலிக்காது."

தையல்காரர் துணியை மடித்து எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த ரொட்டியை வாசலில் நின்றவர்களிடம் நீட்டினார். நிமிடத்தில் காலியானது. தபால்காரர் விரலை நக்கியபடி, "இனிமே இது எங்க கிடைக்கும் அத்தை?" என்று கேட்டார்.

அதை அவள் யோசித்திருக்கவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். அந்தத் தோள் குலுக்கலில் முன்னறை, தையல் இயந்திரம், தெருவைப் பார்த்த ஜன்னல் எல்லாம் அவளுக்குக் கிடைத்துவிட்டன.

"எங்க வீட்டு ஜன்னல்ல," என்றாள். "திங்கள்கிழமை காலையிலேருந்து. எட்டுதான் வரும். முந்தினவங்களுக்கு."

மாப்பிள்ளை சிரித்தேவிட்டான். "எட்டு. நானூறை விட்டுட்டு எட்டு."

"பதினாறு."

எல்லோரும் திரும்பினார்கள். கல்லாவுக்குப் பின்னால் சிட்டு எழுந்து நின்றிருந்தாள். ஏப்ரனின் முடிச்சு முதுகில் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்து அவிழ்த்தாள். மடித்தாள். கல்லாச் சாவியை அதன் மேல் வைத்தாள்.

"ரெண்டு பேர் பிசைஞ்சா பதினாறு வரும்," என்றாள்.

"சிட்டு." தம்பியின் குரல். "நீ இப்ப போனா…"

"கையெழுத்து நீங்க போட்டீங்க அப்பா. அதை எடுத்துக்கிட்டு வந்து என் கண் முன்னாலதான் இவர் கோப்புல வெச்சாரு. என்ன கடிதம்னு நான் கேக்கலை." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு நானும் யாருக்காவது பதில் சொல்லணும்ல?"

மாப்பிள்ளையின் முகத்தில் இப்போதுதான் அந்தப் பொறுமை கலைந்தது. வழியை மறித்துக்கொண்டு நிற்கவில்லை, ஆனால் ஒதுங்கவும் இல்லை.

"நம்ம வீட்டுக்கு எப்ப வருவே?"

சிட்டு அவனை நேராகப் பார்த்தாள். பிறகு அவனைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, அத்தையின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"மாவை எத்தனை மணிக்குப் பிசையணும் அத்தை?"

"நாலரைக்கு."

"நாலுக்கே எழுந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருந்த பெரிய முகத்தின் ஓரத்தில் நகத்தை விட்டு, சிட்டு முதல் துண்டைக் கிழித்தாள்.